அச்சும் வருடலும்: கட்டற்ற இயங்குதளத்தில் பழுதிடம் காணும் நெறி

அச்சிடல் என்பது கணினியின் நினைவகத்தில் எண்களாய் உறையும் ஓர் உருவைத் தாளின்மேல் மையாய்ப் படியவைக்கும் தொழில். வருடல் என்பது அதன் மறுதலை; தாளின்மேல் உள்ள உருவை ஒளியால் தடவி, எண்களாக்கி, நினைவகத்துள் கொணரும் தொழில். முன்னதைச் செய்வது அச்சுப்பொறி. பின்னதைச் செய்வது வருடி. இரண்டும் இன்று பெரும்பாலும் ஒரே கூட்டுக்குள் அமைந்து, ஒரே வடத்தால் கணினியோடு பிணைந்திருப்பதால், அவற்றை ஒரு பொறி என்றே பலரும் எண்ணுவர். கட்டற்ற இயங்குதளமாகிய இலினக்சு அவ்வாறு எண்ணுவதில்லை. அதன் கணக்கில் அவை இருவேறு பொறிகள். அவற்றை ஆளும் மென்பொருள்கள் வேறு, அவற்றைத் தொடுவதற்குரிய இசைவுகள் வேறு, அவை பழுதுறும் வழிகளும் வேறு. அச்சு நன்றாக வருகிறது, வருடியை மட்டும் காணோம் என்னும் முறையீடு இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

பழுது எனும் சொல்லையும் முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் நன்று. பயனர் பழுதென்று கூறுவது விளைவை: தாள் வரவில்லை, வெற்றுத்தாள் வந்தது, புரியாத குறிகள் வந்தன. பொறியியலார் பழுதென்று கூறுவது இடத்தை: பணி பல நிலைகளைக் கடந்து செல்லும்போது, ஒரு நிலைக்குள் முழுமையாய் நுழைந்து, அந்நிலையிலிருந்து முழுமையாய் வெளிவராமற் போன இடத்தை. ஆகவே பழுதறிதல் என்பது இடமறிதலே. கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் உழவர் வயலைக் கிளறுவதில்லை. வாய்க்கால் வழியே மேலேறி, எந்த மடைவரை நீர் வந்தது, எந்த மடையில் நின்றது என்று பார்ப்பர். அச்சுப்பொறியை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பதும், அதுவும் பயன் தராதபோது இயங்குதளத்தையே புதிதாய் நிறுவுவதும் வயலைக் கிளறும் வேலை. சிலபோது அது பலிக்கும். பலித்தாலும் எது பழுதாயிருந்தது என்பது தெரியாது, அடுத்த திங்கள் அதே பழுது திரும்பி வரும்.

அச்சுப்பணி கடந்து செல்லும் நிலைகள் ஐந்து. எழுதும் செயலி தன் ஆவணத்தைப் பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில் ஒப்படைக்கிறது. அதனை வாங்கி, எண்ணிட்டு, வரிசையில் நிறுத்துகிறது பணிநிரல்; கணினி எழும்போதே எழுந்து, பயனர் கண்ணிற் படாமல் உழைக்கும் நிரல் இது. வரிசையில் முறை வந்ததும், பொறிக்குப் புரியும் மொழிக்கு ஆவணத்தை மாற்றும் சிறுநிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இயங்குகின்றன, இவை வடிப்பான்கள். இறுதி வடிப்பான் ஈன்றதை வடத்தின் வழியோ வலையமைப்பின் வழியோ கொண்டுசெல்லும் சிறுநிரல் கடத்தி. கடத்தி கொடுத்ததை வாங்கி மையாக்குவது பொறி. செயலி, வரிசை, வடிப்பான், கடத்தி, பொறி எனும் இவ்வைந்தையும் நிரல்பட நினைவிற்கொண்டோர்க்கு அச்சுப் பழுதுகளிற் பெரும்பாலானவை விளைவைக் கேட்ட அளவிலேயே இடம் காட்டிவிடும்.

இவ்வொழுங்கை இலினக்சில் நடத்தும் மென்பொருளின் பெயர் கப்சு. மைக்கேல் சுவீட்டு என்பார் 1997இல் எழுதத் தொடங்கி, 1999இல் வெளியிட்டது. 2002இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் அச்சிடலுக்கு இதனையே ஏற்று, 2007இல் நிரலின் உரிமையையும் விலைக்கு வாங்கியது. 2019இன் இறுதியில் சுவீட்டு அந்நிறுவனத்தை விட்டு விலகியபின், கட்டற்ற மென்பொருளாரின் ஓப்பன்பிரிண்டிங் எனும் அமைப்பு அதனை வளர்த்து வருகிறது. கப்சின் பணிநிரல் 631 எனும் எண்ணுடைய துறையில் காத்திருக்கும். உலாவியைத் திறந்து, தன் கணினியின் அத்துறைக்குச் சென்றால், வரிசைகள், பணிகள், நிறுத்தங்கள் யாவும் ஒரு பக்கமாய் விரியும். பல்லாண்டு இலினக்சு பயன்படுத்தியும் இப்பக்கத்தை ஒருமுறையும் பார்த்திராதோர் பலர்.

நிலைகளுள் மிகுதியாய்ப் பழிக்கப்படுவது வடிப்பான். மிகுதியாய்க் குற்றமுடையது வரிசை. வரிசைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று பணி உள்ளே வரும் நுழைவாயில். மற்றொன்று பணி பொறிக்குச் செல்லும் போக்குவாயில். இரண்டும் தனித்தனியே திறந்தும் மூடியும் இருக்கக்கூடியவை. நுழைவாயில் மூடியிருந்தால், செயலி பணியை ஒப்படைக்கும்போதே மறுப்பு வந்துவிடும். பயனர் உடனே அறிவார். போக்குவாயில் மட்டும் மூடியிருந்தால், மறுப்பு எதுவும் வராது. பணி ஏற்கப்படும், எண் தரப்படும், வரிசையில் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். பயனர் மீண்டும் ஒருமுறை அச்சிடக் கட்டளையிடுவார், பின்னும் ஒருமுறை இடுவார். போக்குவாயில் திறந்த நொடியில் அத்தனை படிகளும் ஒருங்கே வந்து விழும்.

போக்குவாயில் ஏன் மூடுகிறது? பொறியை எட்ட இயலாதபோது என் செய்வது என்பதற்குக் கப்சில் ஒரு கொள்கை உண்டு. பணியைக் கைவிடலாம், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம், அல்லது வரிசையையே நிறுத்திவிடலாம். இயல்பமைவில் கப்சு மூன்றாவதைத் தெரிகிறது. பல பேர் பகிரும் பெரும்பொறிக்கு இது தக்க கொள்கை; பழுதுற்ற பொறிக்குள் மேன்மேலும் பணிகளைத் தள்ளுவதைவிட, மேலாளர் வந்து பார்க்கும்வரை நிறுத்திவைப்பது அறிவுடைமை. வீட்டிலோ, பொறியின் மின்விசையை இரவில் அணைத்துவிட்டு மறந்துபோய் அச்சிட முயன்ற ஒருவருக்கு, மறுநாள் விசையைப் போட்டபின்னும் அச்சு வராமைக்கு இதுவே வேர். எல்பி-சுட்டாட்டு எனும் கட்டளை இரு வாயில்களின் நிலையையும் தனித்தனி வரிகளில் கூறும். கப்சு-எனேபிள் எனும் கட்டளை போக்குவாயிலையும், கப்சு-அக்செப்ட்டு எனும் கட்டளை நுழைவாயிலையும் திறக்கும். வீட்டுப்பொறிக்கு மீண்டும் முயலும் கொள்கையை வகுத்துவிட்டால் இப்பழுது பெரும்பாலும் தலைகாட்டாது. இவ்வளவு எளிய மாற்றத்தை நிறுவும்போதே கேட்டுச் செய்யும் ஏற்பாடு பரவலாக இல்லாமை எனக்கு இன்றும் புதிராகவே உள்ளது.

வடிப்பானிற் பழுது நேரின், விளைவு இருவகைப்படும். முதல்வகையில் வடிப்பான் இயங்கவே இயங்காது. "வடிப்பான் தவறியது" எனும் ஒற்றைவரிச் செய்தியோடு பணி நின்றுவிடும். இதன் ஒரு கிளை நுணுகி அறியத்தக்கது. சில பொறிகளுக்கு ஆக்குநரே வழங்கும், வடிப்பானை உள்ளடக்கிய இயக்கிகள் 32 நுண்மிக் கணினிகளுக்கென ஆக்கப்பட்டவை. 64 நுண்மி இயங்குதளத்தில் அவற்றை நிறுவலாம். ஆனால் அவற்றை ஏற்றி இயக்கும் 32 நுண்மி அடிப்படை நிரலகங்கள் அங்கு இல்லாமலிருக்கலாம். அப்போது இயங்குதளம் தரும் மறுமொழி, "அப்படியொரு கோப்பு இல்லை" என்பது. கோப்போ கண்முன் இருக்கிறது. இல்லாதது அக்கோப்பன்று, அதனை ஏற்றும் ஏற்றியே இல்லாதது. இந்நுட்பம் அறியாதார் உள்ள கோப்பை அழித்து, மீண்டும் நிறுவி, மீண்டும் அதே மறுமொழியைப் பெறுவர்.

இரண்டாம் வகையில் வடிப்பான் இயங்கும். ஆனால் தவறான மொழியில் எழுதும். போசுட்டுகிரிப்டு என்பது அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட பக்க வண்ணனை மொழி. சில பொறிகள் அதனை அறியும், பல அறியா. அறியாத பொறிக்கு அம்மொழியை அனுப்பினால், அது அதனை வெறும் எழுத்தென்று கொண்டு அப்படியே அச்சிடத் தொடங்கும். முதல் வரி விழுக்காட்டுக் குறியும் வியப்புக் குறியுமாய்த் தொடங்கின், போசுட்டுகிரிப்டு தவறான முகவரிக்குச் சென்றது என்று ஐயமின்றிக் கூறலாம். தாள்தோறும் இரண்டொரு பொருளற்ற குறிகள் மட்டும் வந்து, தாள்கள் நிற்காமல் ஓடினால், வேறொரு பொறிக்குரிய புள்ளிநிரல் வந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். இரண்டிலும் வடத்திற் குறையில்லை, பொறியிற் குறையில்லை. தெரிந்த இயக்கியே பொருந்தாதது. தாளளவுப் பிணக்கும் இவ்வினத்ததே. நம் நாட்டில் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது; அமெரிக்காவில் வழங்கும் மடல்தாள் ஏறக்குறைய 216க்கு 279. இயங்குதளத்தை நிறுவுங்கால் நாட்டைத் தவறாய்த் தெரிந்திருந்தால், ஒவ்வொரு பணியும் மடல்தாளைக் கேட்கும். தட்டில் ஏ4 இருக்க, பொறி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வராத தாளுக்குக் காத்து நிற்கும்.

எந்நிலையில் நின்றது என்பதை உய்த்துணர வேண்டியதில்லை. கப்சு அதனை எழுதிவைக்கிறது. அதன் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் ஓர் ஆங்கில எழுத்தால் தொடங்கும்: ஈ எனின் பிழை, டபிள்யூ எனின் எச்சரிக்கை, ஐ எனின் செய்தி, டி எனின் பழுதறிவார்க்கான நுண்குறிப்பு. இயல்பமைவில் எச்சரிக்கையும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே பதிவாகும். கப்சு-கண்ட்ரோல் எனும் கட்டளையால் நுண்குறிப்பைத் திறந்துவிட்டு ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டால், அப்பணியின் எண்ணைத் தலைப்பில் தாங்கிய நூற்றுக்கணக்கான வரிகள் வந்து குவியும். எந்த வடிப்பான் எப்போது எழுந்தது, எதனை வாங்கியது, எதனைத் தந்தது, எவ்வாறு முடிந்தது என்பதெல்லாம் அங்கே நிரல்பட நிற்கும். அவற்றை மேலிருந்து கீழாகப் படித்தல் வீண். அப்பணியின் இறுதி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, முதலில் எதிர்ப்படும் பிழைவரிக்குச் சற்று முன்னர் நிகழ்ந்ததைப் பார்த்தலே சுருங்கிய வழி.

பொறி தன் குறையைத் தானே கூறவேண்டும் எனும் இவ்வேட்கை கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்போடு பின்னியது. மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில், 1980ஐ ஒட்டி, செராக்சு நிறுவனம் அளித்த ஒரு சீரொளி அச்சுப்பொறி இருந்தது. அதற்கு முன்னிருந்த பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போர்க்கெல்லாம் அச்செய்தி தானே செல்லுமாறு நிரலைத் திருத்தியிருந்தார் அங்குப் பணியாற்றிய இரிச்சர்டு இசுட்டால்மன். புதிய பொறியிலும் அவ்வாறு செய்ய முனைந்தபோது, அதன் ஊற்றுநிரல் ஆய்வகத்துக்குத் தரப்படவில்லை. பிறிதொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்தவரை நேரிற் கேட்டும், வெளியிடேன் என ஒப்பந்தம் செய்துள்ளேன் எனும் மறுப்பே கிடைத்தது. 1983 செப்டம்பர் 27இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னணியாய் அமைந்த பட்டறிவுகளுள் இதுவும் ஒன்று. அன்று அவர் ஒரு பொறிக்கு வேண்டிநின்ற ஏந்து இன்று பொதுநெறியாகிவிட்டது. ஐபிபி எனும் அச்சு நெறிமுறை பேசும் எப்பொறியும், தாள் சிக்கியது, தாள் தீர்ந்தது, மூடி திறந்துள்ளது, மைத்துகள் குறைந்தது என்பவற்றை ஒழுங்குபட்ட சொற்களால் வரிசைக்குத் திருப்பிக் கூறுகிறது.

அந்நெறிமுறையே இயக்கிகளின் தேவையையும் குறைத்து வருகிறது. முன்னர் ஒவ்வொரு பொறிக்கும் அதன் இயல்புகளை விரிக்கும் ஒரு வண்ணனைக் கோப்பு கணினியில் இருத்தல் வேண்டும். இப்போதோ கணினி பொறியையே வினவுகிறது: என்னென்ன தாளளவு ஏற்பாய், இருபுறம் அச்சிடுவாயா, எம்மொழி அறிவாய்? பொறி விடை கூறுகிறது. அவ்விடையிலிருந்து வரிசை தானே அமைகிறது. கடந்த பத்தாண்டில் வந்த வலையிணைப்புப் பொறிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு இயக்கியின்றி இயங்குவன. கப்சின் அடுத்த பெரும்பதிப்பு பழைய வண்ணனைக் கோப்புகளைக் கைவிட இருக்கிறது. ஆகவே புதிய பொறி வாங்குவோர் ஆக்குநரின் இயக்கியைத் தேடி நிறுவுமுன், அஃதின்றியே பொறி தென்படுகிறதா எனப் பார்த்தல் முறை.

வருடிக்கு வருவோம். அச்சுக்கும் வருடலுக்கும் உள்ள ஆழ்ந்த வேற்றுமை திசையன்று, உறவு. அச்சுப்பணி ஒப்படைத்துவிட்டு அகலத்தக்கது. அதற்கு வரிசை பொருந்தும். வருடல் உரையாடல்; பயனர் முன்னோட்டம் பார்த்து, எல்லை குறித்து, பிரிதிறன் தெரிந்து, வருடியோடு நேருக்குநேர் பேசுகிறார்; அதற்கு வரிசை பொருந்தாது. இவ்வேற்றுமையால், இலினக்சின் வருடல் ஒழுங்காகிய சேன் ஒரு தனிப் பணிநிரலாக அமையவில்லை. பயனரின் செயலிக்குள்ளேயே குடிபுகுந்து இயங்கும் நிரலகமாக அமைந்தது. பயனர் காணும் செயலி முன்முனை. குறிப்பிட்ட வருடியினத்தின் மொழி அறிந்த நிரலகப் பகுதி பின்முனை. எந்த முன்முனையும் எந்தப் பின்முனையோடும் பேசும்.

இவ்வமைப்பின் விளைவு இன்றியமையாதது. கப்சின் கடத்தி தனக்கென உள்ள கணக்கின் இசைவோடு பொறியைத் தொடுகிறது. சேனின் பின்முனையோ பயனரின் இசைவோடு மட்டுமே தொடமுடியும். ஆதலால் ஒரே கூட்டில், ஒரே வடத்தில், அச்சு இயங்க வருடல் மறுக்கப்படுதல் முரணன்று. தெளிவதற்கு வழி எளிது. இசுகேன்-இமேச்சு எனும் கட்டளையால் வருடிகளைப் பட்டியலிடச் செய்க. அதே கட்டளையை வேர்ப்பயனரின் உரிமையோடும் இடுக. இரண்டாவதில் தோன்றும் வருடி முதலாவதில் தோன்றாதெனின், பழுது இசைவில் உள்ளது; இயக்கியைத் தொடவே வேண்டா. இன்றைய இயங்குதளங்கள் கணினியின் முன் அமர்ந்து நுழைந்த பயனருக்கு இவ்விசைவைத் தாமே வழங்குகின்றன. தொலைவிலிருந்து வலைவழி நுழைந்தவருக்கு அது தானே கிட்டாது. வேர்ப்பயனராகவே நாளும் வருடிக்கொள்வது சிலர் கண்ட குறுக்குவழி. நோய்க்குறியை மருந்தென்று உண்பதால் அதனை நான் ஏற்பதில்லை.

வேர்ப்பயனருக்கும் தோன்றாதெனின், மேலும் ஒரு படி ஏறுக. யூஎசுபி வடத்தில் இணைந்த ஒவ்வொரு பொறியும் ஆக்குநர் எண், வகை எண் என இரண்டு எண்களைத் தாங்கியது. எச்பிக்கு 03எஃப்0, பிரதருக்கு 04எஃப்9 என்பன போல. எல்எசு-யூஎசுபி எனும் கட்டளை அவற்றைக் காட்டும். அங்கேயே வருடி இல்லையெனின் பழுது வடத்தில், துளையில், மின்விசையில். அங்கு இருந்து, சேன் கண்டறியவில்லையெனின், அவ்வெண்களை அறிந்த பின்முனை இல்லை. சேன் குழுவினர் தம் பட்டியலில் ஒவ்வொரு வருடியையும் முழுமை, நன்று, அடிப்படை, குறைந்தது, ஆய்ந்திலது, துணையிலது எனத் தரம் பிரித்து வைத்துள்ளனர். வாங்குமுன் பார்க்கத்தக்க பட்டியல் அது. பழைய வருடிகள் சிலவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு: மின்விசை போடுந்தோறும் அவற்றின் உள்நிரலாகிய நிலைபொருளைக் கணினி ஊட்டவேண்டும். அக்கோப்பு ஆக்குநரின் உடைமையாதலின் சேன் அதனைச் சேர்த்து வழங்க இயலாது. வருடியோடு வந்த வட்டிலிருந்து எடுத்து, குறித்த அடைவில் வைத்தல் பயனர் கடன். எச்பி பொறிகள் சிலவற்றுக்கு மூடிய செருகுநிரல் ஒன்று வேண்டும். இயக்கியின் பதிப்பு உயர்ந்தால் செருகுநிரலையும் அதற்கு ஒப்பப் புதுக்கவேண்டும். புதுக்காவிடின் நேற்றுவரை இயங்கிய வருடி இன்று நிற்கும். திறந்த ஒழுங்கின் நடுவே கிடக்கும் மூடிய பெட்டி எப்போதும் இவ்வாறே பழிவாங்கும்.

மெதுவாய் வருடுகிறது எனும் முறையீட்டைப் பழுதென்று கொள்ளுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 என, ஏறக்குறைய 87 நூறாயிரம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு எனின் 2.6 கோடி பைட்டு. 1200 புள்ளியாக்கினால் இது நான்கு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. 41 கோடியைத் தாண்டுகிறது. எழுத்தாவணத்துக்கு 300 போதும்.

வலையமைப்பில் உள்ள வருடியோ அச்சுப்பொறியோ தென்படாவிடின், முதலில் ஐயுறத்தக்கது தீயரண். பொறிகள் தம் இருப்பை 5353ஆம் துறையில் கூவி அறிவிக்கின்றன. தீயரண் அத்துறையை அடைத்திருந்தால் கூவல் செவிக்கு எட்டாது. அக்கூவல் தான் பிறந்த கிளைவலையைத் தாண்டிச் செல்வதுமில்லை. திசைவியின் விருந்தினர் வலையில் மடிக்கணினியும் முதன்மை வலையில் பொறியும் இருப்பின், இரண்டும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றையொன்று அறியா.

இறுதியாக, தீர்வே பழுதாகும் ஓரிடம். வலைவழிப் பொறிகள் இயக்கியின்றி இயங்கும் நலனை யூஎசுபி வடத்தில் இணைந்த பொறிகளுக்கும் தருவதற்கென, அலெக்சாண்டர் பெவ்சுனர் என்பார் ஐபிபி-யூஎசுபி எனும் பணிநிரலை எழுதினார். வருடிகளுக்கு அவரே எழுதிய ஏர்சுகேன் எனும் பின்முனை அதற்கு இணை. இரண்டும் பல இலினக்சு வழங்கல்களில் இயல்பாகவே இடம்பெற்றுள்ளன. ஐபிபி-யூஎசுபி தனக்கேற்ற பொறியைக் கண்டதும் வடத்தின் மறுமுனையை முற்றாகத் தன் கைக்குள் கொள்கிறது. ஒரு பொறியை இருவர் ஒருங்கே பிடிக்க இயலாமையால், ஆக்குநரின் பழைய இயக்கி அப்போது வெறுங்கையோடு திரும்பி, பொறி இணைக்கப்படவில்லை எனக் கூறும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் வருடி மறைந்தது எனும் முறையீடுகளிற் பல இவ்விடத்தன. இருவழிகளுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். புதிய வழியே போதுமெனின், பழைய இயக்கியின் வரிசையை நீக்கி, தானே தோன்றியுள்ள புதிய வரிசையைப் பயன்கொள்க. பழைய இயக்கி மட்டுமே தரும் ஏந்துகள் இன்றியமையாதனவெனின், பணிநிரலை முற்றாக அகற்ற வேண்டா. அதன் அமைவுக் கோப்பில் அப்பொறி ஒன்றை மட்டும் விலக்கும் வரியை எழுதி, பணிநிரலை மீண்டும் எழுப்பி, வடத்தைக் கழற்றி மாட்டினாற் போதும்.